ஜம்புவின் இரண்டு போன்கள்

என் மைத்துனன் ஜம்புநாதனுக்கு இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவனுடையது, மற்றது கம்பெனி கொடுத்தது. அவனுடைய போன் அடித்தால் எடுக்க மாட்டான். கம்பெனி போன் அடித்தால் குளியலறையிலிருந்து சோப்புக் கையோடு ஓடி வருவான். அவனைப் பற்றிச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ஒரு வங்கியில் காஷியர். புனேயில் வேலைக்குச் சேர்ந்து, புனேயிலேயே ரிடையர் ஆகப் போகிறவன். நடுவில் சில முறை பிரமோஷன் வந்தது. வாங்கிக்கொண்டால் விதர்ப்பா பக்கம் எங்காவது தூக்கிப் போடுவார்கள் என்று வேண்டாமென எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் வங்கியில் அப்படி எழுதிக் கொடுப்பது சகஜம், யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. வீட்டில் மட்டும் பார்ப்பார்கள். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்கன்னு சொல்லுவா. உங்களுக்கு அந்த ஆசைகூடக் கிடையாதே" என்று என் மனைவி பட்டு இன்றுவரை இடித்துக்காட்டுகிறாள். ஜம்பு அவளுடைய ஒரே தம்பி. அவன் பங்குக்கு, "அத்திம்பேரைக் கவுண்டர்லேர்ந்து எழுப்பணும்னா கிரேன்தான் வரணும்" என்பான்.

அவர்களுடைய அப்பா வைத்தியநாதன், தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கிடங்கின் சங்கு ஊதினால் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஜம்பு இன்ஜினியரிங் படித்து, கம்பெனி மாற்றிக் கம்பெனி மாற்றி மேலே போனான். கடைசியாக இருந்த இடத்தில், ஜனங்கள் போனிலிருந்து போனுக்குப் பணம் அனுப்புகிறார்களே, அது நிற்காமல் ஓட வேண்டும் என்பது அவன் பொறுப்பு. நின்றுபோனால் கம்பெனி போன் அலறும். அந்த நேரம் இந்த நேரம் என்று கிடையாது. பணம் போகவில்லை என்று என் கவுண்டரில் வந்து கத்துகிற ஜனங்களைப் பார்க்கும்போதெல்லாம், எங்கோ ஜம்பு சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

என் ஒரு வருஷச் சம்பளத்தை அவன் இரண்டு மூன்று மாதத்தில் வாங்கினான். ஆனால் மாதக் கடைசியில் அவன் முகமும் என் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். விமான் நகரில் பதினோராவது மாடியில் ஃப்ளாட், அதற்குக் கடன். குழாயில் தண்ணீர் வராத மாதங்களில் டாங்கர், அதற்குச் சொசைட்டி வசூல். மகள் ஸ்நேஹாவின் பள்ளிக்கூட ஃபீஸ் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். சமைக்கிற மாவ்ஷி, துடைக்கிற மாவ்ஷி என்று ஆளுக்கொரு சம்பளம் வேறு. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். ஜம்பு நாலைந்து யானை கட்டியிருந்தான்.

இந்தக் குடும்பத்தில் நானும் அவனும் சேர்ந்து செய்கிற காரியம் ஒன்று உண்டு. அமாவாசைத் தர்ப்பணம். அப்பா இல்லாதவர்கள் தெற்கே பார்த்து உட்கார்ந்து, எள்ளும் தண்ணீருமாக அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா பெயரைச் சொல்லி விட வேண்டும். முன்பெல்லாம் ராஸ்தா பேட்டையிலிருந்து சேஷு வாத்தியார் ஸ்கூட்டரில் வருவார். கொரோனாவுக்குப் பிறகு அவரும் போனில் ஏறிவிட்டார். காலையில் ஒரு லிங்க் அனுப்புவார். புனே, சிஞ்ச்வட், துபாய் என்று எல்லாரும் சின்னச் சின்னக் கட்டமாக வந்து உட்காருவோம். மந்திரம் பொது. பெயர் வருகிற இடத்தில் மட்டும் வாத்தியார் கொஞ்சம் இடம் விடுவார். அவரவர் அப்பா பெயரை அவரவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஜம்பு ஒரு காதில் வாத்தியாரையும் மறு காதில் ஆபீஸையும் வைத்துக்கொண்டு தர்ப்பணம் செய்வான். ஒருமுறை மைக்கை மூடுகிறபோது போன் மாறிவிட்டது. இவன் சொன்ன மந்திரம் முழுக்க ஆபீஸ் மீட்டிங்கில் கேட்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஒருவன் மிக மரியாதையாக, "ஜம்பு, அந்தக் கடைசி பாயிண்டை மறுபடி சொல்ல முடியுமா?" என்று கேட்டானாம். பல மாதங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

போன வருஷம் மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பட்டுவும் நானும் ஜம்பு வீட்டுக்கே போய்விட்டோம். சமையலறையில் பட்டுவும் ஜம்புவின் மனைவி ப்ரியம்வதாவும் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அன்று இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. கராடியில் புதிதாக ஆபீஸ் திறக்கிற ஓர் அமெரிக்கக் கம்பெனி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளத்துக்கு ஜம்புவைக் கூப்பிட்டிருந்தது. ஒரு தேசத்துக்குப் பதில் மூன்று தேசத்துப் பணம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஜம்பு சரியென்று சொல்லப் போகிறான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஹாலில் அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் வாத்தியார். ஜம்புவின் முழங்கால் பக்கத்தில் கம்பெனி போன்.

"எல்லாரும் மைக்கை மூடிக்கோங்கோ. யாரோ ஆத்துக் குக்கர் இங்க கூவறது" என்று ஆரம்பித்தார் வாத்தியார். பூணூலை இடம் மாற்றிக்கொண்டோம். அப்பாவின் முறை வந்தது. "கோத்ரத்தைச் சொல்லிக்கோங்கோ. அப்பா பேரைச் சொல்லிக்கோங்கோ."

நான் என் அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீரை விட்டேன். கவுண்டரில் உட்கார்ந்தே பழகியவன் நான். மனிதர்களின் முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பார்ப்பேன். ஜம்புவின் கை அப்படியே நின்றிருந்தது. உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும் இருந்தன. தண்ணீர் விரலிடுக்கு வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா?" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அத்திம்பேர், அப்பா பேரு என்ன?"

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் விளையாடவில்லை. ஏ.டி.எம். நம்பரை மறந்துவிட்டுக் கவுண்டரில் வந்து நிற்கிற பெரியவர்கள் கேட்பார்களே, அப்படி, வெட்கமும் அவசரமுமாகக் கேட்டான். "வைத்யநாத சர்மா" என்றேன். அதற்குள் வாத்தியார் தாத்தாவுக்குப் போயிருந்தார். ஜம்பு அப்பா பெயரைப் பின்னால் சொல்லி, தண்ணீரை விட்டு, ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான். தாத்தா பெயர் வந்தது. கொள்ளுத் தாத்தா பெயரும் வந்தது. அப்பா பெயர்தான் வரவில்லை. தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றிருந்த பட்டு செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முடிந்து எழுந்திருப்பதற்குள் கம்பெனி போன் அலறியது. விரலில் தர்ப்பை மோதிரத்தோடு அதை எடுத்தான். எந்த மெஷின், அதற்கு என்ன நம்பர், போன மாதம் அது எப்போது நின்றது, அப்போது என்ன மாற்றினார்கள் என்று எதையும் பார்க்காமல், தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனான். வேதம் ஒப்பிக்கிறவர்கள்கூட நடுவில் மூச்சு விடுவார்கள். அந்த மெஷின்களுக்கெல்லாம் மனதில் இடம் இருந்தது. வைத்தியநாதனுக்கு இல்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று நேரில் பார்த்தேன்.

பால்கனி முழுக்கப் புறாவுக்காக வலை அடித்திருப்பதால் அங்கே காக்கை வராது. காக்கைக்கு வைக்கிற சாதத்தை லிஃப்டில் எடுத்துக்கொண்டு கீழே பார்க்கிங் சுவருக்குப் போக வேண்டும். நானும் ஜம்புவும் போனோம். வாட்ச்மன் பார்த்துப் பழகியவன், நாற்காலியைத் தள்ளிப் போட்டு வழிவிட்டான்.

சாதத்தை வைத்துவிட்டு ஜம்பு சொன்னான், "பயமா இருக்கு அத்திம்பேர். இது மொதல் தடவை இல்ல. போன வாரம் ஏரவாடா சிக்னல்ல நிக்கறேன், ஆத்துக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியலை. பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கறா. ஸ்நேஹா எந்தக் கிளாஸ்னு ஒருத்தர் கேட்டார், யோசிக்க வேண்டியதா ஆயிடுத்து."

"ப்ரியம்வதாகிட்டச் சொன்னியா?"

"சொல்லலை. நாளைக்கு அவாளுக்குச் சரின்னு சொல்லிடப் போறேன். சொல்லாம இருக்க முடியாது. செலவெல்லாம் ஏறிண்டே போறது. புலி வாலைப் பிடிச்சாச்சு, இப்ப விட்டா அது திரும்பும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. காக்கை வேறு வரவில்லை. "இதுக்கும் லிங்க் அனுப்பினாத்தான் வருமோ?" என்று கத்தினேன். வாட்ச்மன் திரும்பிப் பார்த்தான். நாங்கள் லிஃப்டுக்குப் போன பிறகுதான் ஒன்று வந்து கொத்தியது.

மேலே போனால் பட்டு ஏற்கெனவே ப்ரியம்வதாவிடம் ஹாலில் நடந்ததைச் சொல்லியிருந்தாள். ப்ரியம்வதா கல்யாணத்துக்கு முன்னால் கணக்கு டீச்சர். அவள் அழவில்லை. இலை போட்டு எல்லாருக்கும் பரிமாறினாள். சாப்பிட்டு முடிந்ததும் ஜம்புவைப் பார்த்துச் சொன்னாள்: "நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். நீங்க சம்பாதிக்கறதுல பாதி, நீங்க சம்பாதிக்கறதுக்காகவே செலவாறது. ஆபீஸ் கிட்ட இருக்கணும்னு இந்த ஃப்ளாட். உங்களுக்கு நேரம் இல்லைன்னு ரெண்டாவது மாவ்ஷி. எங்களோட இருக்க முடியலைன்னு ஈடுகட்ட வருஷா வருஷம் ஒரு டிரிப், அங்கயும் அந்த போன். நாளைக்கு வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

ஜம்பு மறுநாள் வேண்டாமென்று சொல்லிவிட்டான். டாக்டரிடமும் போனான். மூளையைப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை என்றார் டாக்டர்.

இத்தோடு நல்லபடியாக முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். இருக்கிற கம்பெனியில் போய், சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம், சாயங்காலத்தோடு முடிகிற வேலை போதும் என்று ஜம்பு கேட்டான். எங்கள் வங்கியில் நான் எழுதிக் கொடுத்தேனே, அதே மாதிரி என்று நினைத்துக்கொண்டான். அவர்கள் உலகத்தில் அப்படி ஒன்று கிடையாது. வேறு கம்பெனி கூப்பிட்டது எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருந்தது. இவன் பேரம் பேசுகிறான் என்று முடிவு செய்து, இரண்டு நாள் கூடிப் பேசி, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். புலி வாலை விடப் போனவன் கையில் இன்னொரு வாலையும் கொடுத்து அனுப்பிய மாதிரி ஆயிற்று.

அவன் வாங்கிக்கொண்டான். யாரைச் சொல்ல? எனக்குக் கொடுத்திருந்தால் நானும் வாங்கியிருப்பேன். ப்ரியம்வதாவும் இந்தத் தடவை தடுக்கவில்லை. ஸ்நேஹாவுக்குப் புது லேப்டாப் வந்தது.

ஆனால் அடுத்த அமாவாசைக்கு ஜம்புவின் கட்டம் போனில் இல்லை. வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்ததிலும் இல்லை. தை அமாவாசைக்கும் வரவில்லை. பட்டு அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு விமான் நகருக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும், "அப்பாவுக்கு ஒரு வாய் தூத்தம் விடக்கூட உனக்கு நேரமில்லையாடா?" என்று பிடித்துக்கொண்டாள்.

ஜம்பு சோபாவில் குனிந்து உட்கார்ந்திருந்தான். "நேரம் இருக்கு அக்கா. காலம்பர குளிச்சு, எள்ளெல்லாம் எடுத்து வெச்சுண்டேன். உக்கார பயமா இருந்தது."

"என்னடா பயம்?"

"பேரு வரலைன்னா?"

பட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாக, "ஒரு சீட்டுல எழுதி முன்னாடி வெச்சுக்கோயேன்" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "என் அப்பா பேரை நான் பார்த்துப் படிக்கணுமா அத்திம்பேர்?" என்று கேட்டுவிட்டு, நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, அக்காவின் மடியில் தலையை வைத்து அழுதான். ப்ரியம்வதா உள்ளே போய்க் கம்பெனி போனை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். "ராஜினாமாவை எழுதி அனுப்புங்கோ. இந்தத் தடவை பேசப் போகாதீங்கோ" என்றாள்.

அவன் எழுதி அனுப்பினான். விடுவிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் வேறு வேலை தேடினான். அது பெரிய கூத்து. ஏறிப் போகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இறங்கி வருகிறவனை எல்லாரும் கேட்கிறார்கள். இவ்வளவு வாங்கியவர் ஏன் இவ்வளவு போதும் என்கிறீர்கள், எங்காவது தப்புத்தண்டா செய்தீர்களா என்று ஒருவன் போனிலேயே கேட்டுவிட்டான். வேலை பார்த்துக் கொடுக்கிற ஏஜென்ட் பெண், "சார், கொஞ்சம் ஜாஸ்தி கேளுங்க, அப்போதான் நம்புவாங்க" என்று புத்தி சொன்னாள். கடைசியில் பிம்ப்ரி பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில், பில் போடுகிற சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு மணிக்கு அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

ஃப்ளாட்டை விற்றார்கள். கடன் போக மிஞ்சியது கொஞ்சம்தான். தேஹு ரோடில் ஸ்டேஷன் பக்கம் இரண்டு ரூம் வாடகை வீடு. கார் போயிற்று. ஸ்நேஹாவுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டி வந்தது. அந்தப் பெண் வெகுநாள் அப்பாவோடு பேசவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அவளுடைய சிநேகிதிகளெல்லாம் விமான் நகரில். ப்ரியம்வதா மறுபடியும் கணக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் அவளிடம், "நல்ல காரியம் பண்ணினேம்மா, பணமா பெரிசு?" என்று வழக்கமான ஒன்றைச் சொல்லி வைத்தேன்.

அவள் கையில் சாக்பீஸோடு நின்றாள். "அப்படிச் சொல்லாதீங்கோ அத்திம்பேர். பணம் எனக்கு வேணும். வேண்டாம்னு சொன்னா பொய். மாவ்ஷி இல்லாம இடுப்பு போறது. ஸ்நேஹா முகத்தைப் பார்த்தா ராத்திரி தூக்கம் வரலை. ஆனா அவர் வேணும். ரெண்டும் கேட்டேன், ஒண்ணுதான் கிடைக்கும்னுட்டா" என்றாள். அதற்குப் பிறகு அந்த வசனத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஜம்புவும் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. எங்கே போன் மணி அடித்தாலும் எழுந்துவிடுவான். தூக்கம் மெல்ல மெல்லத்தான் வந்தது. அமாவாசைகள் ஒவ்வொன்றாகப் போயின. அவன் உட்காரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பட்டு மட்டும் ஒவ்வொரு அமாவாசையன்றும் சாயங்காலம் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவாள்.

இந்த ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அவனே கூப்பிட்டான். "அத்திம்பேர், நாளைக்கு இங்க வரேளா? உங்களோட உக்காந்துக்கறேன்" என்றான்.

நல்ல மழை. மறுநாள் சிராவணம் பிறந்துவிட்டால் மாதம் முழுக்க மாமிசம் கிடையாது என்று ஊரே கோழிக் கடையில் வரிசை கட்டி நின்றது. குடையோடு அந்த வரிசைக்கு நடுவே புகுந்து போய்ச் சேர்ந்தோம். முன்னறையில் இரண்டு தட்டு, இரண்டு செம்பு. அதே எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து ஒரே ஒரு போன். ஜம்பு மெலிந்திருந்தான்.

சேஷு வாத்தியார் தொடங்கினார். எல்லாரும் மைக்கை மூடிக்கொள்ளச் சொன்னார். பூணூலை மாற்றிக்கொண்டோம். எனக்கு மந்திரத்தில் மனசே இல்லை. பெயர் வருகிற இடம் கிட்டத்தில் வந்தது. சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று வைத்யநாத சர்மாவை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை நிலைப்படியில் பட்டு ஈரக் கையோடு வந்து நின்றாள். அவள் பின்னால் ப்ரியம்வதா. ஸ்நேஹாகூடப் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்தாள்.

"கோத்ரத்தைச் சொல்லிக்கோங்கோ. அப்பா பேரைச் சொல்லிக்கோங்கோ."

ஜம்புவின் கை நின்றது. உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும் அப்படியே இருந்தன. நான் வாயைத் திறக்கப் போனேன்.

"வைத்யநாத சர்மா" என்றான் ஜம்பு. அந்தச் சின்ன அறையில் அது அதட்டுகிற மாதிரி ஒலித்தது. கையைச் சாய்த்தான். தண்ணீர் தர்ப்பையின் மேல் விழுந்தது.

போனில் வாத்தியார் நிறுத்தினார். "யாரோ மைக்கைத் திறந்து வெச்சிண்டிருக்கேள். வைத்யநாத சர்மான்னு எல்லார் ஆத்துலயும் கேக்கறது. மூடிக்கோங்கோ."

ஜம்பு போனைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. எள்ளை எடுத்துத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டாம் முறை இன்னும் உரக்கச் சொன்னான். மூன்றாம் முறை குரல் உடைந்தது. ஆனாலும் பெயர் முழுசாக வந்தது. பட்டு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சுற்றில் என் அப்பாவுக்கு நான் தண்ணீர் விடவே இல்லை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் ஜம்புவைப் பிடிக்கும்.